பெரிய டயர் போட்ட பிக்கப்பில் ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்வது எப்படி

போன வருடம் என் பிக்கப்புக்கு 40 மிமீ லிஃப்டும் (வண்டியை உயர்த்தும் சஸ்பென்ஷன் மாற்றம்) பெரிய டயரும் போட்டேன். என் வேலை பெரும்பாலும் சிங்கப்பூரின் லிம் சூ காங் பக்கத்துப் பண்ணைகளில். மழை பெய்தால் அங்கே உள்பாதை முழுக்கச் சேறு, பழைய டயர் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும். அந்த வகையில் மாற்றியது நல்லதுதான், வண்டி இப்போது எங்கேயும் சிக்குவதில்லை. ஆனால் டயர் மாற்றிய மறுநாளே ஸ்பீடோமீட்டர் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. வேகம் குறைவாகக் காட்டுவது போல ஒரு சந்தேகம், நடுநடுவே முள் திடீரென்று கீழே விழுந்து மறுபடி ஏறியது, சில நாள் ஏபிஎஸ் விளக்கும் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு) எரிந்தது.

இதைச் சரிசெய்ய இரண்டு வொர்க்ஷாப், ஓர் ஆட்டோ எலக்ட்ரிஷன், நான்கு மாதம், 635 வெள்ளி ஆனது. அதில் 250 வெள்ளி முழுக்க வீண். நடுவில் ஒரு மாதம், சரிசெய்துவிட்டதாக நம்பிக்கொண்டு முன்பைவிட மோசமான மீட்டரோடு ஓட்டியிருக்கிறேன். அளக்காமலே செலவு செய்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். நீங்கள் இப்போதுதான் டயர் மாற்றப் போகிறீர்கள், அல்லது மாற்றிவிட்டு முழித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். முதல் நான்கு படிகளுக்குப் பெரிய செலவே கிடையாது.

1. கோளாறு எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்

ஸ்பீடோமீட்டர் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வொர்க்ஷாப்பில் போய் நிற்காதீர்கள். அப்படிச் சொன்னால் அவர்கள் கைக்கு முதலில் வருவது ஒரு புது சென்சார். எனக்கு அதுதான் நடந்தது.

எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் குறைத்தோ கூட்டியோ காட்டினால், அதாவது 40-ல் கொஞ்சமும் 80-ல் அதைப்போல் இரண்டு மடங்கும் தவறினால், காரணம் டயர் அளவு அல்லது டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் கடைசிக் கியர்) விகிதம். எந்தப் பாகமும் பழுதாகவில்லை. சென்சார் மாற்றி ஒரு பயனும் இல்லை.

முள் ஆடினால், விழுந்து எழுந்தால், பள்ளத்தில் இறங்கும்போதோ ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதோ மட்டும் போனால், அது கம்பி, கனெக்டர், சென்சார் சம்பந்தப்பட்டது. டயர் கணக்குக்கும் இதற்கும் உறவில்லை.

4எல் (நான்கு சக்கர டிரைவின் மெதுவான கியர்) போட்டால் மட்டும் தவறாகக் காட்டுகிறது என்றால், வேகத்தை எடுக்கும் சென்சார் டிரான்ஸ்பர் கேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டி) முன்னால், கியர்பாக்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருக்கும் வண்டியில், 4எல்லில் இருக்கிறோம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் மீட்டர் உண்மையைவிட நிறையக் கூட்டிக் காட்டும்.

என் வண்டியில் முதல் இரண்டும் ஒன்றாக வந்தன. லிஃப்டும் டயரும் ஒரே நாளில் போட்டால் பலருக்கும் இப்படித்தான் வரும், ஏனென்றால் டயர் விகிதத்தைக் கெடுக்கிறது, லிஃப்ட் கம்பியை இழுக்கிறது. இரண்டு தனித்தனிக் கோளாறு என்று பிரித்துப் பார்க்கவே எனக்கு இரண்டு மாதம் ஆனது.

2. கம்பெனி மீட்டரே கூட்டித்தான் காட்டும் என்பதை மனதில் வையுங்கள்

இது தெரியாமல் கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாகப் போகும். ஐநாவின் வாகன விதி 39 என்று ஒன்று இருக்கிறது, உலகில் பல நாடுகளுக்கு வண்டி செய்யும் கம்பெனிகள் அதைப் பின்பற்றுகின்றன. அந்த விதிப்படி மீட்டர் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடக் குறையவே கூடாது. கூடலாம், எவ்வளவு கூடலாம் என்றால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு 4 கிமீ. நீங்கள் உண்மையில் 70-ல் போனால் மீட்டர் 70-லிருந்து 81 வரை எதைக் காட்டினாலும் விதிக்குள்தான். அதனால் கம்பெனிகள் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டியே வைத்துவிடுகின்றன. என் வண்டியில் பழைய டயரோடு மீட்டர் 70 காட்டியபோது உண்மை வேகம் 67 தான் இருந்திருக்கிறது.

ஆனால் ஓடோமீட்டர் அப்படி இல்லை. ஓடிய தூரத்தைக் காட்டும் எண் ஏறக்குறைய சரியாக இருக்கும்படிதான் வைத்திருப்பார்கள். ஆக ஒரே வண்டியில் முள்ளுக்கு ஒரு பிழை, தூரத்துக்கு வேறொரு பிழை. 7-ஆம் படியில் இது மறுபடி வரும், அங்கேதான் நான் தடுமாறினேன்.

3. டயரை சாக்பீஸ் வைத்து அளங்கள்

எல்லோரும் முதலில் இணையத்தில் டயர் கால்குலேட்டரைத் திறப்பார்கள். என் பழைய டயர் 265/65 ஆர்17, புதியது 285/70 ஆர்17. காகிதத்தில் கணக்குப் போட்டால் பழையதன் விட்டம் 776 மிமீ, புதியதன் விட்டம் 831 மிமீ. வித்தியாசம் 7 சதவீதம். கணக்கை நீங்களே போடலாம்: டயர் அகலத்தை இரண்டாவது எண்ணின் சதவீதத்தால் பெருக்கி, அதை இரண்டு மடங்காக்கி, ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி வரும் எண்ணோடு கூட்டினால் விட்டம் மிமீ-யில் வரும்.

ஆனால் பக்கவாட்டில் அச்சடித்த அளவு ஒன்று, வண்டியின் பாரத்தில் டயர் உருளும் அளவு வேறு. ஒரே அளவு எழுதிய இரண்டு கம்பெனி டயர்கள் கூட அச்சாக ஒன்று போல் இருப்பதில்லை, அதிலும் சேற்றுக்கான மட் டயர்களில் வித்தியாசம் அதிகம். ஆகவே அளந்துவிடுங்கள், அரை மணி நேர வேலைதான்.

ஞாயிறு காலையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பல மாடிக் கார்நிறுத்துமிடத்தின் மேல் தளத்துக்குப் போனேன். அங்கே வண்டி குறைவு, தரை சமம். டயர் சூடேறுவதற்கு முன் வழக்கமான காற்றழுத்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு. நேராக மெல்ல நகர்த்தி, சக்கரம் மூன்று முறை முழுதாகச் சுற்றியதும் மறுபடி தரையில் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் டேப் பிடித்தால் மூன்று சுற்றின் நீளம். கூட ஓர் ஆள் வேண்டும், என் மகள் வெளியே நின்று கோட்டைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்கு வந்தது 7.62 மீட்டர். பழைய டயரை மாற்றும் முன் நான் அளக்கவில்லை, நீங்கள் கட்டாயம் அளந்துகொள்ளுங்கள். அளக்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு, அதே மாடல் வண்டியைக் கம்பெனி டயரோடு ஓட்டும் யாரிடமாவது கேளுங்கள். என்னோடு வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் அப்படி ஒரு வண்டி இருந்தது, அதில் 7.17 மீட்டர் வந்தது. 7.62-ஐ 7.17-ஆல் வகுத்தால் 1.063. அதாவது காகிதத்தில் 7 சதவீதம் என்றது தரையில் 6.3 சதவீதம்.

நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமா என்றும் அன்றைக்கே பாருங்கள். ஸ்பேரும் அதே அளவில் இருந்தால் நல்லது. பஞ்சர் ஆகி, சின்ன ஸ்பேரை ஒரு பக்கம் மாட்டி, நான்கு சக்கர டிரைவையும் போட்டுவிட்டால் டிஃபரன்ஷியலுக்குத்தான் அடி.

4. மூன்று எண்களை ஒரே நேரத்தில் எடுங்கள்

இந்தப் படியை முதல் நாளே செய்திருந்தால் எனக்கு 250 வெள்ளி மிச்சமாகியிருக்கும். தேவை: ஜிபிஎஸ் வேகம் காட்டும் போன் (வேஸ் என்ற வழிகாட்டும் ஆப் போதும்), ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இணைப்பு) செருகும் புளூடூத் டாங்கிள், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஓர் ஆள். டாங்கிள் எனக்கு 25 வெள்ளி ஆனது.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள், அது இங்கே குற்றம். ஸ்டாண்டில் வையுங்கள், எண்களைப் படிப்பதும் எழுதுவதும் பக்கத்தில் இருப்பவர் வேலை.

இடம் முக்கியம். வானம் திறந்த, நேரான, கூட்டமில்லாத சாலை வேண்டும். கிராஞ்சி விரைவுச்சாலை, சிலேத்தார் விரைவுச்சாலை இரண்டிலும் ஞாயிறு காலை ஏழு மணிக்குள் முடித்துவிடலாம். மரினா கரையோர விரைவுச்சாலையும் காலாங் பாய லேபார் விரைவுச்சாலையும் வேண்டாம், சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் நிலையாக இருக்காது. ஷென்டன் வே பக்கம் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் எண் தாவும். ஜிபிஎஸ் எப்போதும் ஒன்றிரண்டு நொடி பின்தங்கித்தான் காட்டும், அதனால் ஒரே வேகத்தில் பத்து நொடியாவது நிலையாகப் போன பிறகு எழுதச் சொல்லுங்கள். வேகம் ஏறும்போதும் பிரேக் போடும்போதும் எடுத்த எண்ணை நம்பாதீர்கள். 50, 60, 70 என்று மூன்று வேகத்தில், ஒவ்வொன்றிலும் மூன்று முறை எடுத்தால் போதும். ஜி எண்பலகை வண்டி (சரக்கு வண்டி) என்றால் பின்னால் ஒட்டியிருக்கும் 70 வேக வரம்பு ஸ்டிக்கரை மறக்க வேண்டாம், சோதனைக்காகக்கூட அதைத் தாண்ட வேண்டியதில்லை.

எனக்கு வந்த எண்கள்: மீட்டர் 70, ஓபிடி 67, ஜிபிஎஸ் 71.

இந்த மூன்றையும் எப்படிப் படிப்பது? ஓபிடி எண் என்பது வண்டியின் கம்ப்யூட்டர் தான் நம்பும் வேகம், பெரும்பாலான வண்டிகளில் முள்ளுக்காகக் கூட்டி வைத்த பாதுகாப்பு அளவு அதில் இருக்காது. கம்ப்யூட்டர் இன்னும் பழைய டயர் இருப்பதாகவே நினைத்து 67 என்கிறது. ஜிபிஎஸ் சொல்லும் உண்மை 71. 71-ஐ 67-ஆல் வகுத்தால் 1.06. சாக்பீஸ் கணக்கில் வந்த 1.063-க்கு இது ஒத்துவருகிறது. இப்படி இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் காரணம் டயர் மட்டுமே என்று தைரியமாகச் சொல்லலாம். ஒத்துவராவிட்டால் மேலே போகாதீர்கள். வேறு ஏதோ இருக்கிறது, பழைய சொந்தக்காரர் கியர் விகிதத்தை மாற்றியிருக்கலாம், அல்லது டாஷ்போர்டுக்குப் பின்னால் ஏற்கெனவே மீட்டர் எண்ணைத் திருத்தும் ஒரு பெட்டியை ஒளித்து வைத்திருக்கலாம். பழைய வண்டி வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் தேடிப் பாருங்கள்.

மீட்டரையும் ஜிபிஎஸ்ஸையும் மட்டும் பார்த்தால் 70-க்கு 71, ஒரே ஒரு கிமீ வித்தியாசம். கம்பெனி கூட்டி வைத்திருந்த அளவை டயர் தின்றுவிட்டது, அவ்வளவுதான். எனக்கு வேறு பிரச்சினை இல்லாதிருந்தால் இதை அப்படியே விட்டுவிட்டு 68-ல் ஓட்டியிருக்கலாமோ என்று கூடத் தோன்றும். ஆனால் அப்படி விட்டால் தூரக் கணக்கு 6 சதவீதம் குறைந்துகொண்டே போகும். 10,000 கிமீக்கு ஆயில் மாற்றுபவர் உண்மையில் 10,600-ல் மாற்றுவார், எண்ணெய்ச் செலவும் கூடிவிட்டது போலத் தெரியும். உங்கள் டயர் என்னுடையதைவிடப் பெரியதென்றால் முள்ளே உண்மைக்குக் கீழே போய்விடும், அப்போது விடவே கூடாது.

தூரத்தைச் சோதிக்க, 15, 20 கிமீ ஓட்டத்தை ஜிபிஎஸ் ஆப்பில் பதிந்து டிரிப் மீட்டரோடு ஒப்பிடுங்கள். எஸ் எண்பலகை (சொந்தக் கார்) ஜீப், ஜிம்னி வைத்திருந்து மலேசியாவின் ஜோகூருக்குப் போய்வருபவர்களுக்கு இன்னும் சுலபம், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 100 மீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் பலகை இருக்கிறது. 20 கிமீ போன பிறகு டிரிப் மீட்டர் 18.8 காட்டினால் டயர் 6 சதவீதம் பெரிது. (மலேசியாவுக்குள் வண்டி நுழைவதற்கான அனுமதியான விஇபி இல்லாமல் போகாதீர்கள், 2025 ஜூலை 1 முதல் அபராதம் போடுகிறார்கள்.)

5. முள் விழுந்து எழுந்தால் கம்பியைப் பாருங்கள், சென்சாரை வாங்காதீர்கள்

முதல் வொர்க்ஷாப்பில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு முன் இடது சக்கரத்து ஏபிஎஸ் சென்சாரை (சக்கரம் சுற்றும் வேகத்தை அளப்பது) மாற்றினார்கள். பாகம் 190, கூலி 60. மூன்று நாள் நன்றாக இருந்தது, நான்காவது நாள் பண்ணைக்குள் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் முள் விழுந்தது. மூன்று நாள் நன்றாக இருந்ததற்குக் காரணம் புது சென்சார் இல்லை, கழற்றி மாட்டும்போது கனெக்டர் கொஞ்சம் இறுகியதுதான்.

நடந்தது இதுதான். லிஃப்ட் போட்டதும் சக்கரம் சேசிஸிலிருந்து கீழே தள்ளிப்போகிறது. சென்சார் கம்பியின் நீளமோ பழையதுதான். நேராக நிற்கும்போது சும்மா இருக்கும், சக்கரம் தொங்கி ஸ்டியரிங்கும் ஒடிந்தால் இழுபட்டு உள்ளே தாமிரம் அறுபடும் அல்லது கனெக்டர் பின் விலகும். வெளியிலிருந்து பார்த்தால் தோல் முழுசாக இருக்கும், ஒன்றும் தெரியாது.

சோதிப்பது இப்படி: வண்டியை ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி முன்சக்கரங்களைத் தொங்கவிடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒருவர் திருப்ப, நீங்கள் டார்ச் அடித்துக் கம்பியைப் பாருங்கள். எங்கேயாவது விறைப்பாக நின்றால் அதுதான் இடம். கனெக்டரைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள், தண்ணீரில் இறக்கிய வண்டியில் இது சகஜம். சென்சார் முனையில் காந்தம் இருந்தால் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும், துடைத்தாலே போதும். ஒரு எச்சரிக்கை: புது வண்டிகளில் இருக்கும் ஆக்டிவ் சென்சாரை மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளக்காதீர்கள், நல்ல சென்சாரும் கெட்டுவிடக்கூடும்.

ஏபிஎஸ் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள ஆள் கிடைத்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும். நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் தனித்தனியாகப் பார்க்கலாம், எது விழுகிறதோ அந்தச் சக்கரம். எல்லாச் சக்கரமும் ஒழுங்காக இருந்து, ஓபிடி வேகமும் நிலையாக இருந்து, முள் மட்டும் விழுந்தால் கோளாறு மீட்டரிலோ அதற்குப் போகும் கம்பியிலோ இருக்கிறது.

எனக்கு இதைக் கண்டுபிடித்தது காக்கி புக்கிட்டில் ஓர் ஆட்டோ எலக்ட்ரிஷன். அறுந்த இடத்தைச் சேர்த்து, கிளிப்பைக் கீழே இறக்க ஒரு சின்ன பிராக்கெட் போட்டு, கம்பிக்குத் தளர்வு கொடுத்தார். ஒரு மணி நேரம், 80 வெள்ளி. அதன் பிறகு முள் ஒரு தடவைகூட விழவில்லை, ஏபிஎஸ் விளக்கும் வரவில்லை. அந்த விளக்கு எரிந்தால் ஏபிஎஸ் வேலை செய்யாமல் போகலாம், நமது மழையில் அது விளையாட்டு இல்லை. ஆகவே விகிதத்தைத் திருத்துவதற்கு முன் இதை முடியுங்கள்.

6. உங்கள் வண்டிக்கு எந்தத் திருத்தம் பொருந்தும்

வண்டியின் வயதைப் பொறுத்து மூன்று வழி.

கேபிள் வைத்த பழைய வண்டி: டிரான்ஸ்பர் கேஸிலோ கியர்பாக்ஸிலோ கேபிள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். பல் எண்ணிக்கை வேறான ஒன்றை மாட்டினால் விகிதம் மாறும். பாகம் கிடைப்பதுதான் கஷ்டம், மற்றபடி இதைவிட எளிய வழி இல்லை.

வேகத்துக்குத் தனிக் கம்பி உள்ள வண்டி: சென்சாரிலிருந்து மீட்டருக்கு மின் துடிப்பாகச் செய்தி போகும். நடுவில் ஒரு திருத்தும் பெட்டியை வைத்தால் அந்தத் துடிப்பைக் கூட்டியோ குறைத்தோ அனுப்பும். டகோட்டா டிஜிட்டல், யெல்லோ பாக்ஸ் போன்ற பெயர்களில் கிடைக்கும். என் வண்டி இந்த வகை.

கேன் வலையில் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் பொதுக் கம்பி) வேகம் போகும் புது வண்டி: இங்கே பெட்டியை எந்தக் கம்பியில் வைப்பது என்ற கேள்வியே தவறு. கம்ப்யூட்டரில் டயர் அளவை மாற்ற முடியுமா என்றுதான் கேட்க வேண்டும். ஃபோர்டு ரேஞ்சரில் ஃபோர்ஸ்கேன் மென்பொருள் மூலம் டயர் சுற்றளவை மிமீ-யில் மாற்றலாம். ஜீப் ராங்லருக்கு அதற்கென்றே செருகும் கருவிகள் விற்கிறார்கள். எல்லாக் கம்பெனியும் இதைத் திறந்து வைப்பதில்லை, ஆகவே டயர் வாங்குவதற்கு முன்பே உங்கள் மாடலுக்கு வழி உண்டா என்று கேளுங்கள். எதையும் மாற்றும் முன் பழைய அமைப்பு முழுவதையும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: சக்கரத்திலிருந்து வரும் ஏபிஎஸ் சென்சார் கம்பியை வெட்டி நடுவில் எதையும் வைக்காதீர்கள். பிரேக்கும் வழுக்கல் கட்டுப்பாடும் அந்தச் செய்தியை நம்பித்தான் இருக்கின்றன. மீட்டரைத் திருத்தப்போய் பிரேக்கைக் கெடுத்த கதையாகிவிடும். அப்படிச் செய்யலாம் என்று சொல்லும் வொர்க்ஷாப்பிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

7. பெட்டியில் எந்த எண்ணைப் போடுவது

இரண்டாவது வொர்க்ஷாப்பில் பெட்டி 160, பொருத்தக் கூலி 120. டயர் 7 சதவீதம் பெரிது என்று நான் சொன்னேன், அவர்களும் 7 என்றே அமைத்தார்கள், ஆனால் கழித்தலில். டயர் பெரிதானால் சக்கரம் குறைவாகச் சுற்றும், ஆகவே துடிப்பைக் கூட்ட வேண்டும், குறைக்கக் கூடாது. குறைத்ததால் என்ன ஆனது என்றால், மீட்டர் 70 காட்டும்போது நான் உண்மையில் 76-ல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மாதம் எனக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள் பின்னாலேயே காரில் வந்த என் மச்சான்தான் போன் செய்து, "மாமா, வேஸ்ல 76 காட்டுது, உங்க வண்டி 70 தானே போகணும்?" என்று கேட்டார். ஸ்டிக்கரில் 70 ஒட்டிக்கொண்டு ஒரு மாதமாக எல்லா விரைவுச்சாலையிலும் அப்படிப் போயிருக்கிறேன்.

ஆகவே பொருத்திய அன்றே, பணம் கொடுக்கும் முன், வொர்க்ஷாப் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஜிபிஎஸ்ஸோடு ஒரு சுற்று போய்வாருங்கள். 50-ல் பார்த்தால்கூடத் திசை சரியா தவறா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது எண். மீட்டரும் ஜிபிஎஸ்ஸும் அச்சாக ஒத்துப்போகும்படி அமைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. எனக்கும் இருந்தது. அப்படிச் செய்தால் என் வண்டியில் 1.5 சதவீதம் மட்டுமே கூட்ட வேண்டும், முள் சரியாகிவிடும், ஆனால் ஓடோமீட்டர் இன்னும் 4, 5 சதவீதம் குறைவாகவே ஓடும். அதோடு டயர் காற்று, பாரம் எல்லாம் கொஞ்சம் மாறினாலும் முள் உண்மைக்குக் கீழே போய்விடும். அதனால் ஜிபிஎஸ்ஸை ஓபிடி எண்ணால் வகுத்து வந்த விடையை, அதாவது 1.06-ஐ, அப்படியே போடுங்கள். டயர் செய்த மாற்றம் அவ்வளவுதான், அதை மட்டும் திருப்பிவிட்டால் தூரம் சரியாகிவிடும், முள்ளும் கம்பெனி வைத்த இடத்துக்கே திரும்பிவிடும். இப்போது என் மீட்டர் 70 காட்டினால் உண்மை 67. எனக்கு அது போதும்.

சில பெட்டிகள் சதவீதம் கேட்கும், சில பழைய, புதிய டயர் அளவைக் கேட்கும், சிலவற்றில் சின்ன சுவிட்சுகளை ஏற்றி இறக்க வேண்டும். கையேட்டைக் கேட்டு வாங்கி வண்டியிலேயே வையுங்கள். நான் அந்தக் கையேட்டை வைத்துத்தான் பிறகு நானே பத்து நிமிடத்தில் மாற்றினேன்.

இதோடு ஒன்று: ஓடோமீட்டரில் இருக்கும் எண்ணையும் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இனி ஓடும் தூரம் சரியாகப் பதிவதுதான் நமக்கு வேண்டும், பழைய எண்ணில் கை வைத்தால் நாளைக்கு விற்கும்போது அது மோசடி. டயர் மாற்றிய நாளில் இருந்த எண்ணையும் திருத்திய நாளில் இருந்த எண்ணையும் எழுதி வையுங்கள். என் வண்டியில் நடுவில் பதிவானது 3,800 கிமீ. பெட்டி வருவதற்கு முன்னும் பின்னும் விகிதம் வேறுவேறு என்பதால் இரண்டு பகுதியாகக் கணக்குப் போட்டு சர்வீஸ் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்.

8. காகிதம், செலவு, நாள்

மாற்றங்களைப் பற்றிய நிலப் போக்குவரத்து ஆணைய விதிகள் ஒன்மோட்டரிங் தளத்தில் மூன்று வகையாக இருக்கின்றன: ஒப்புதல் தேவையில்லாதவை, ஒப்புதல் தேவைப்படுபவை, கூடவே கூடாதவை. டயர், ரிம், சஸ்பென்ஷன் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள், வொர்க்ஷாப் வாய்வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஆணையத்துக்கே எழுதிக் கேளுங்கள், நான் லிஃப்டுக்கு அப்படி எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் கை வைத்தேன். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்தக் கூடாது. பாரம் ஏற்றும் வண்டி என்பதால் புது டயரின் லோடு இன்டெக்ஸ் (டயர் தாங்கும் பாரத்தைக் குறிக்கும் எண்) பழையதைவிடக் குறையக் கூடாது.

ஒரு கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டியவை: டயர் ரசீது (அளவும் லோடு இன்டெக்ஸும் எழுதச் சொல்லுங்கள்), லிஃப்ட் ரசீது, ஆணையத்தின் பதில், பெட்டியின் கையேடும் ரசீதும், நீங்கள் எடுத்த எண்களைத் தேதியோடு எழுதிய தாள். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றங்களை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காமல் விட்டால் இழப்பீடு கேட்கும் நாளில்தான் அது பிரச்சினையாக வரும்.

செலவு எனக்கு ஆனபடி: தேவையில்லாத சென்சார் 250, பெட்டியும் பொருத்தலும் 280, கம்பி வேலை 80, டாங்கிள் 25. இதே வரிசையில் போயிருந்தால் 385-ல் முடிந்திருக்கும். லிஃப்டுக்குப் பிறகு செய்யும் வீல் அலைன்மென்ட் தனி. பணத்தைவிட வண்டி நின்ற மூன்று வேலை நாள்தான் எனக்கு அதிகம் உறைத்தது. வொர்க்ஷாப்பில் விடும்போது செவ்வாய், புதன் பாருங்கள், சனிக்கிழமை கூட்டத்தில் யாரும் பொறுமையாகச் சோதிக்க மாட்டார்கள்.

பரிசோதனை நாளையும் கணக்கில் எடுங்கள். பத்து வருடத்துக்குட்பட்ட இலகு சரக்கு வண்டிக்கு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது விகாம் பரிசோதனை நிலையத்தில் போய் நிற்பதைவிட ஒரு மாதம் முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடுவது நல்லது.

வேகக் குற்றங்களுக்கான அபராதமும் குற்றப்புள்ளிகளும் 2026 ஜனவரி 1 முதல் கூடியிருக்கின்றன. 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் நிறுத்தப்படும், புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு முதல் வருடத்தில் 13 புள்ளியிலேயே உரிமம் போய்விடும். மீட்டர் தவறாகக் காட்டியது என்பதைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெட்டி வரும்வரை காத்திருக்கும் நாட்களில், அளந்த எண்ணை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி மீட்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், "மீட்டர் 70 = உண்மை 71" என்று. வண்டியை வேறு யாராவது எடுத்துப்போனாலும் அவர்களுக்கும் தெரியும்.

9. திருத்திய பிறகு

ஒரு வாரம் கழித்து 4-ஆம் படியை மறுபடி செய்யுங்கள், அதே சாலை, அதே காற்றழுத்தம். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மட் டயர் புதிதாக இருக்கும்போது பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) உயரம் அதிகம், தேயத் தேய விட்டம் குறைந்து மீட்டர் இன்னும் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அது பாதுகாப்பான பக்கம், அதற்காகப் பெட்டியைத் தொட வேண்டாம். ஆனால் தேய்ந்த டயரோடு அளந்து அமைத்துவிட்டு அதன் பிறகு புது டயர் போட்டால் நிலைமை தலைகீழ், அன்றைக்கே மறுபடி அளக்க வேண்டும். என் டயர் இப்போது பாதி தேய்ந்திருக்கிறது, அடுத்த செட் மாற்றும் நாளில் டயர் கடைக்குப் போகும்போது சாக்பீஸும் டேப்பும் எடுத்துக்கொண்டுதான் போவேன்.